மூணு தேர்வு, மூணு மார்க்: எதை நம்புவது?

வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ, ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு), நீட் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்துக் குழம்பிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழில் கல்லூரிச் சேர்க்கைக் கேள்விகள் மட்டும்.

எங்க பிள்ளை பிளஸ் டூவில் 571 எடுத்திருக்கா. ஜேஇஇ மெயின்ல 82, நீட்ல 318. அவ அத்தை, "ஸ்கூல் மார்க்கெல்லாம் அள்ளிப் போட்டது, நீட்டுலதான் சாயம் வெளுத்துப்போச்சு"ன்னு சொல்லுதாவ. பிள்ளை அழுதுக்கிட்டே கெடக்கா. இதுல எது அவளோட நெசமான மார்க்கு?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

மூன்றும் நிசம்தான் அம்மா. அளவுகோல்தான் வேறு வேறு. பேப்பரில் பாபநாசம் அணை 100 அடி, மணிமுத்தாறு அணை 100 அடி என்று போட்டிருந்தால், இரண்டும் ஒரே அளவு நிறைந்திருக்கிறது என்று நம்மூரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றின் முழு உயரம் 143 அடி, மற்றதற்கு 118. பக்கத்தில் இருக்கும் நீர்வரத்து கனஅடிக் கணக்கை அடிக்கணக்கோடு ஒப்பிடவும் மாட்டார்கள். தேர்வு முடிவு என்று வந்தால் மட்டும் இந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது.

571 என்பது 600-க்கு எடுத்த மார்க். பிளஸ் டூவில் தப்பான விடைக்கு மார்க்கைக் குறைப்பதில்லை. விடை தப்பினாலும் போட்ட படிகளுக்கு மார்க் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று 30 மார்க் தேர்வறைக்கு வெளியே கிடைக்கிறது. பாடப் புத்தகத்தை முறையாகப் படித்து, எழுதிப் பார்த்த பிள்ளைக்குக் கிடைக்கும் மார்க் இது. அள்ளிப் போட்டது என்று சொல்வது அநியாயம்.

82 என்பது மார்க்கே இல்லை, இடம்; பர்சன்டைல் என்பார்கள். தேர்வு எழுதிய நூறு பேரில் 82 பேர் உங்கள் மகளுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று பொருள். 300 மார்க் தேர்வில் 100-ஐத் தொடாதவர்கள்கூட 82 பர்சன்டைலைத் தாண்டுவது உண்டு. பர்சன்டைலை ரேங்க்காக மாற்றிப் பார்த்தால்தான் அது என்ன சொல்கிறது என்று புரியும். 2025-ல் இரண்டு செஷனும் சேர்த்து ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். 100-லிருந்து 82 போனால் 18. 14.75 லட்சத்தில் 18 சதவீதம் என்றால் சுமார் 2,65,000. அவள் ரேங்க் அந்தப் பக்கம் இருக்கும். பொதுப் பட்டியலில் திருச்சி என்ஐடிக்கு இது எட்டவே எட்டாது.

318-ஐ 720-ஆல் வகுத்தால் 44 சதவீதம். பள்ளிக் கண்ணோடு பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 2025 நீட்டில் ஐம்பதாவது பர்சன்டைலுக்கு வந்த மார்க் 144. எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த 144-ஐத் தாண்டவில்லை. அது 720-ல் வெறும் 20 சதவீதம். அந்தக் கணக்கில் 318 நடுக்கோட்டுக்கு நன்றாகவே மேலே. அரசுக் கல்லூரி எம்பிபிஎஸ் பொதுப் பட்டியலுக்கு அது போதாது என்பதும் உண்மைதான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியல் தனி, அங்கே போட்டியும் தனி. உங்கள் ஊரிலேயே இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் பிஎஸ்எம்எஸ் படிப்புக்கும் நீட் மார்க்தான் கணக்கு. அதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி 571-க்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் கணிதம் 92, இயற்பியல் 96, வேதியியல் 95, உயிரியல் 97. பொறியியல் கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்கு எடுக்கும் மார்க்: கணிதம் அப்படியே 92, இயற்பியலில் பாதி 48, வேதியியலில் பாதி 47.5. மொத்தம் 200-க்கு 187.5. கால்நடை மருத்துவத்துக்குக் கணிதம் இருக்கும் இடத்தில் உயிரியலை வைக்க வேண்டும்: 97, 48, 47.5. மொத்தம் 192.5. ஒரே பிள்ளை, ஒரே மார்க் ஷீட், இரண்டு கட்-ஆஃப், ஐந்து மார்க் வித்தியாசம்! ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007-லிருந்து நுழைவுத் தேர்வே இல்லை. அத்தை அள்ளிப் போட்டதாகச் சொல்லும் அந்த மார்க்தான் இந்தக் கதவுகளையெல்லாம் திறக்கிறது என்று அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஜேஇஇ மெயின் ஜனவரியில் 121 மார்க், 93.8 பர்சன்டைல். ஏப்ரலில் 134 மார்க், ஆனால் 92.9. மார்க் கூடி பர்சன்டைல் குறையுமா? கணக்கில் தப்பு நடந்திருக்குமோ?
– மாணவர், தென்காசி

குறையும் தம்பி, தப்பு ஒன்றும் இல்லை. இந்தத் தேர்வு ஒரே நாளில் நடப்பதில்லை. பல நாள், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட், ஷிஃப்ட்டுக்கு ஒரு கேள்வித்தாள். உன்னை ஒப்பிடுவது உன் ஷிஃப்ட்டில் எழுதியவர்களோடு மட்டும். உன் மார்க்குக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்களின் எண்ணிக்கையை, அந்த ஷிஃப்ட்டில் எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். ஜனவரியில் உன் ஷிஃப்ட்டில் 1,20,000 பேர் எழுதி, 1,12,560 பேர் 121-லோ அதற்குக் கீழோ நின்றிருந்தால் 93.8 வரும். ஏப்ரலில் கேள்வித்தாள் லேசாக இருந்திருக்கும், எல்லாருக்கும் மார்க் ஏறியிருக்கும். அதோடு, பிளஸ் டூ பரீட்சையை முடித்துவிட்டுத் தயாராக வரும் கூட்டம் ஏப்ரலில் அதிகம். 13 மார்க் கூடியும் நீ ஒரு படி இறங்கியது இதனால்தான்.

இரண்டில் எது அதிகமோ அதைத்தான் ரேங்க் பட்டியலுக்கு எடுப்பார்கள். எனவே 93.8 உன் கையில் பத்திரமாக இருக்கிறது. தசமத்துக்குப் பின் ஏழு இலக்கம் எதற்கு என்று கேட்டிருந்தாய். 14.75 லட்சம் பேரில் 0.1 பர்சன்டைல் என்பதே 1,475 பேர். அத்தனை பேரைப் பிரித்து நிறுத்த ஓர் இலக்கம் எப்படிப் போதும்?

இன்னொன்று. கணிதம் 80, இயற்பியல் 96, வேதியியல் 95 பர்சன்டைல் என்றால் மொத்தம் 90.3 வரணுமே என்று கூட்டி மூன்றால் வகுத்திருக்கிறாய். அப்படி வகுக்கக் கூடாது. மொத்தப் பர்சன்டைல் தனியாக, 300-க்கு எடுத்த மொத்த மார்க்கை வைத்துப் போடப்படுவது. ஒரு பாடத்தில் சறுக்கி இரண்டில் நிமிர்ந்தவனுக்கு மொத்தம் சராசரியைவிட மேலே இருப்பது சாதாரணம்.

ஐஐடிக்கான அடுத்த தேர்வான அட்வான்ஸ்டுக்குத் தகுதி 2025-ல் பொதுப் பிரிவுக்கு 93.10, ஓபிசிக்கு 79.43. இங்கே நம் பகுதிப் பிள்ளைகள் வழுக்குவது பர்சன்டைலில் அல்ல, சான்றிதழில். மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்தியக் கவுன்சலிங்கில் செல்லாது. ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயர் அல்லாத ஓபிசி) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அந்த வருஷம் ஏப்ரல் 1-ம் தேதிக்குப் பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாலுகா ஆபீஸில் கையெழுத்தாகி வர நாளாகும். கவுன்சலிங் தொடங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது.

என்ஐடிக்குப் போக பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டிக்கு 65 சதவீதம். அது இல்லையென்றால் அந்தந்த போர்டின் முதல் 20 பர்சன்டைலுக்குள் வந்திருக்க வேண்டும். கோச்சிங்கே கதி என்று கிடந்து, பள்ளித் தேர்வைக் கண்டுகொள்ளாமல் அதற்குக் கீழே நின்றுபோகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்ல பர்சன்டைல் இருந்தும் கதவு அடைபட்டுவிடுகிறது.

தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தேன். கோச்சிங் டெஸ்ட்டில் 520-க்குக் குறையாது. நீட்டில் 402. எங்கே போச்சு 118 மார்க்?
– மாணவி, சங்கரன்கோவில்

ஓஎம்ஆர் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) நகல், விடைக்குறிப்பு இரண்டையும் எடுத்துக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை, சபாஷ். உங்கள் கட்டம் இது (சரிக்கு 4 ஏறும், தப்புக்கு 1 குறையும்):

உயிரியல்: சரி 70, தப்பு 16, விட்டது 4. மார்க் 264.
வேதியியல்: சரி 27, தப்பு 15, விட்டது 3. மார்க் 93.
இயற்பியல்: சரி 17, தப்பு 23, விட்டது 5. மார்க் 45.

தப்பு மொத்தம் 54. நெகட்டிவ் மார்க்கில் 54 போய்விட்டது, அவ்வளவையும் விட்டிருந்தால் 456 என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், நாலு தடவைக்கு ஒரு தடவை 4 கிடைக்கும், மூணு தடவை 1 போகும். சராசரியில் கேள்விக்குக் கால் மார்க் லாபமே. ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளிவிட்டால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. நெகட்டிவ் மார்க்கைப் பூச்சாண்டி காட்டி எல்லாவற்றையும் விடச் சொல்லும் அறிவுரையில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தப்பின் உண்மையான விலை அந்த 1 அல்ல. அங்கே கிடைக்காமல் போன 4-ம், அதற்குச் செலவான நேரமும்தான். ஒரு தப்பைச் சரியாக்கினால் 5 மார்க் ஏறும்.

எனவே இயற்பியலின் 23 தப்பையும் மூன்று கட்டாகப் பிரியுங்கள். முதல் கட்டு: வீட்டில் உட்கார்ந்து போட்டால் வருகிறது, அங்கே வரவில்லை. இது நேரத்தின் குறை. இரண்டாவது: சூத்திரம் தெரியும், அலகு மாற்றுவதிலோ பத்தின் அடுக்கிலோ சறுக்கல். இது கைப்பழக்கத்தின் குறை. மூன்றாவது: இப்போதும் தெரியவில்லை. இதுதான் படிப்பில் உள்ள குறை. மூன்றுக்கும் மருந்து வேறு. கட்டுப் பிரிக்காமல் மறுபடி முதல் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாவது கட்டு மட்டும்தான் குறையும்.

நேரம் எப்படி என்றால், 180 கேள்விக்கு 180 நிமிஷம். வட்டம் நிரப்பவே பதினைந்து நிமிஷம் போகும். உயிரியலுக்கு 45 முதல் 50, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 என்று வைத்துக்கொண்டால்தான் மூச்சு விட முடியும். இயற்பியலைக் கடைசிக்கு வைத்து, அதற்கு 35 நிமிஷமே மிஞ்சியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதிக் காரணம். வட்டத்தை மொத்தமாகக் கடைசியில் நிரப்பாமல், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புங்கள். ஒரு வரிசை தவறினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சரியும்.

520 எப்படி வந்தது? வாரத் தேர்வுகள் அந்த வாரம் நடத்திய பாடத்தில் வரும். கேள்விகளும் அதே மையத்தின் கேள்வி வங்கியிலிருந்து சுற்றிச் சுற்றி வரும். அதை உங்கள் உண்மையான அளவாக எடுக்கக் கூடாது. பழைய ஆண்டுக் கேள்வித்தாளை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை, ஓஎம்ஆர் தாளோடு, எழுந்திருக்காமல் எழுதிப் பார்த்த மார்க்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

தமிழ் வினாத்தாள் கேட்டவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் இறுதி. எனவே கணக்குக் கேள்வியைத் தமிழில் படித்ததும் எண்களையும் அலகுகளையும் ஆங்கிலப் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். திசைவேகம், முடுக்கம், மின்தேக்கி போன்ற சொற்களுக்கு ஆங்கிலப் பெயர் தெரிந்திருந்தால் அந்தப் பார்வைக்கு ஐந்து விநாடி போதும்.

உங்கள் அண்ணனின் 2024 மார்க்கோடு இதை ஒப்பிடவே வேண்டாம். 2024-ல் 600 எடுத்தவர் எழுபதாயிரத்துக்கும் பின்னால் நின்றார். 2025-ல் இயற்பியல் கடுமையாக இருந்தது, நாட்டிலேயே முதல் மார்க் 686தான். 600-ஐத் தாண்டியவர்கள் ஆயிரத்துச் சொச்சம். வருஷம் மாறினால் மார்க்கை மறந்துவிட்டு ரேங்க்கைப் பாருங்கள்.

மூத்தவ 562, பக்கத்து வீட்டுப் பையன் 541. அவனுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 189, எங்க பிள்ளைக்கு 178. எப்படி ஐயா?
– விவசாயி, அம்பாசமுத்திரம்

மொழிப்பாடம் இரண்டும் நாலாவது பாடமும் கட்-ஆஃபில் வராது. உங்கள் மகள் தமிழ், ஆங்கிலம், உயிரியலில் அள்ளியிருக்கிறாள், கணிதம் 84. பையனுக்குக் கணிதம் 96. முடிந்தது.

ஒரு விஷயம் மட்டும் இளையவளுக்காகச் சொல்கிறோம். கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, மீதி 30 கையில். இரண்டிலும் எழுத்துத் தேர்வில் எழுபது சதவீதம்தான் எழுதினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கணிதம் 63-ம் 10-ம் 73, இயற்பியல் 49-ம் 30-ம் 79. அதே திறமைக்குக் கணிதத்தில் ஆறு மார்க் குறைகிறது. கட்-ஆஃபிலோ கணிதம் முழுசாக, இயற்பியல் பாதியாக ஏறும். கணிதம் எதிர்பார்த்ததைவிடப் பத்து மார்க்குக்கு மேல் குறைந்திருந்தால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். அதற்கான அவகாசம் சில நாள்தான். நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கூட்டல். அடுத்தது, திருத்தாமல் விடுபட்ட பக்கம் ஏதும் இருக்கிறதா என்பது.

நாட்டா 118, கிளாட் சரியில்லை, கியூட் ஒரு பாடத்தில் நல்லா இருக்கு. ஏதாவது ஒண்ணுக்குப் பிரயோஜனம் உண்டா?
– மாணவர், வள்ளியூர்

கட்டடக்கலைக்கான நாட்டா 200-க்கு. தமிழ்நாட்டு பி.ஆர்க். பட்டியலில் அதோடு பிளஸ் டூ மார்க்கை 200-க்கு மாற்றிக் கூட்டி, 400-க்குப் போடுவார்கள். பிளஸ் டூவில் 90 சதவீதம் இருந்தால் 180-ம் 118-ம் 298. சட்டப் படிப்புக்கான கிளாட்டை மறந்துவிடுங்கள்; திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட்டில் பாடத்துக்கு 250. பாடங்களின் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்கும் படிப்புக்கு எந்தப் பாடத்தின் மார்க்கை எடுக்கிறார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் பாருங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதே முறை.

நீட் ரிசல்ட்டைப் பார்த்துட்டு இன்ஜினியரிங்குக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கோம். சித்தப்பா "இன்னொரு வருஷம் நீட்டுக்கே படிக்கட்டும்"ங்கிறாரு.
– மாணவி, நாங்குநேரி

முதல் பாதி ஆபத்து. 2025-ல் பொறியியல் பதிவு ஜூன் 6-ல் முடிந்தது, நீட் முடிவு ஜூன் 14-ல்தான் வந்தது. காத்திருந்தவர்கள் இரண்டும் இல்லாமல் நின்றார்கள். பதிவு தொடங்கிய வாரமே பொறியியல், கால்நடை, வேளாண்மை மூன்றுக்கும் போட்டு வையுங்கள். பதிவு செய்ததாலேயே சேர்ந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாவது பாதிக்கு, சங்கரன்கோவில் மாணவிக்குச் சொன்ன கட்டத்தை நீங்களும் போடுங்கள். தப்பில் பெரும்பகுதி முதல் இரண்டு கட்டில் இருந்து, உயிரியலில் 75-க்கு மேல் சரியாக இருந்தால், இன்னொரு வருஷத்துக்கு அர்த்தம் உண்டு. மூன்றாவது கட்டுதான் பெரிது, அதுவும் இயற்பியல் வேதியியல் இரண்டிலும் என்றால், அதே கோச்சிங்கில் அதே நோட்டோடு இன்னொரு வருஷம் உட்காருவதில் மார்க் பெரிதாக ஏறாது. அப்படியானால் கையில் உள்ள கட்-ஆஃபுக்குக் கிடைக்கும் இடத்தில் சேர்வதே நல்லது. கட்டத்தைப் போட்டு சித்தப்பாவிடம் காட்டுங்கள். ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் இணையதளத்தில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எடுக்க முடியாது.